சொல்லில் விட்டுப்போன மரங்கள்

"அண்ணே, பேரு கூட வச்சுட்டாங்க. 'பசுஞ்சோலை நகர்'. வாசல்ல சிமெண்டுல ஒரு டுரியான் பழம், யானை சைசுக்கு!" என்றான் சானிப், ஜெங்கோல் கொட்டைக் குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி. ரொஹாலிக்குக் காது மடல் சிவந்தது.

ரொஹாலியின் மனைவி நைமாவுக்கு நூறாம் நாள் பாத்திஹா ஓதிய சாப்பாடு அது. தெப்போக் ஊரில் பாதி சனம் அவர் வீட்டுப் பாயில்தான் உட்கார்ந்திருந்தது. மீதிப் பாதி இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தது. சோறு போட்ட அண்ணனிடமே தோட்டத்தை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தான் தம்பி. வீடு கட்டி விற்பவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பதுதான் அவனுக்குத் தொழில்.

சிலிவுங் ஆற்றங்கரையில் வடக்கே நகரக் காடு, தெற்கே கல்லறைகளும் மரங்களுமாய்ப் பெரிய மையவாடி. இரண்டுக்கும் நடுவே தகரக் கூரைகள் தின்றது போக மிஞ்சிய பச்சை, ரொஹாலியின் தோட்டம் ஒன்றுதான். "இது போச்சுன்னா சங்கிலி அறுந்துடும் மாமா. வௌவால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டாது" என்று ஆற்றுக் காவல் குழுப் பிள்ளைகள் வரைபடத்தை விரித்துக் காட்டியிருந்தார்கள். தோட்டத்தின் நடுவில் நின்ற டுரியான் மரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், அது பூத்தால் ஜகார்த்தா வௌவால்கள் அத்தனையும் லீவு போட்டுவிட்டு வந்துவிடும். பழம் ஒன்று விழுந்தால் பூகம்பம் அளக்கிற ஆபீசில் ஊசி துள்ளும். பொழுது சாய்ந்து வௌவால்கள் வருகிற நேரத்தில் நைமா ஜன்னலில் நின்று, "உங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க, டீ போடட்டா?" என்பாள். கடைசி நாட்களில் எழ முடியாமல் கிடந்தபோதும் கட்டிலை அந்த ஜன்னலோரம் போடச் சொன்னாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த மரத்தைச் சிமெண்டில் செய்து வைப்பார்களாம்.

ரொஹாலி சோற்றுக் கையோடு எழுந்தார். "எல்லாரும் சாட்சி! இந்தத் தோட்டத்த நான் பள்ளிவாசலுக்கு வக்ஃபு பண்ணிட்டேன். இனி இத எவனும் விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று பாய் முழுக்க எழுந்த சத்தத்தில் கூரை ஒரு சாண் உயர்ந்து உட்கார்ந்தது. சானிப்பின் வாயருகே போன ஜெங்கோல் தட்டுக்கே திரும்பியது. நைமா போனபிறகு அன்றுதான் ரொஹாலி சிரித்தார்.

பத்திரம் எழுதப் போகும்போது குழுப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். "மரங்கள் நிக்கணும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிடுங்க மாமா."

"போங்கடா! பள்ளிவாசல் என்ன மரத்தையா திங்கும்?"

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் ஹாஜி முஹாயர் நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் ரொஹாலிக்குத் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் ஒரு நாள் டோடோல் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை வரிசை ரோடு வரைக்கும் நீண்டு, மழைநாளில் சனம் சேற்றில் நெற்றி வைப்பது ஊரறிந்த விஷயம்.

"அண்ணே, உங்க புண்ணியத்துல தொழுகைக் கூடம் உங்க தோட்டம் வரைக்கும் பெருசாகப் போவுது. எங்க வீட்டுக்காரி சந்தோஷத்துல அழுதுட்டா."

"மரம், ஹாஜியாரே?"

ஹாஜியார் டோடோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பள்ளிவாசலுக்குன்னுதானே சொன்னீங்க அண்ணே. மரத்துக்குன்னு சொல்லலியே."

"அந்த டுரியான மட்டுமாவது..."

"நெத்தி வச்சு சஜ்தாவுல இருக்கிறவன் தலையில பழம் விழுந்தா அப்படியே சொர்க்கத்துக்குப் போயிடுவானே அண்ணே!" சிரிக்க ஆரம்பித்தவர், ரொஹாலியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வெட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கமிட்டியில பேசிப் பாக்குறேன்."

ரொஹாலி வாயைத் திறந்தார். கொடுத்ததற்கு அப்புறம் அதற்கு நிபந்தனை போட அவர் யார்? அதுவும், மழையில் நனைகிற சனத்திடம்? திறந்த வாயில் ஒரு துண்டு டோடோலைப் போட்டுக்கொண்டார்.

அறுக்கிற அன்று துஆ ஓதுகிற இடத்தில் அவரை முதல் ஆளாக நிறுத்தினார்கள். ஆமீன் அவருக்குத்தான் எல்லோரையும்விடச் சத்தமாக வந்தது. மரம் விழுந்தது. ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் இடி என்று நினைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துவிட்டார்களாம்.

கூடம் எழும்பியது. பளிங்குத் தரை, பச்சை விளக்கு. டுரியான் பூக்கிற பருவத்தில் ஒரு நாள், அந்தி மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணனும் தம்பியும் அதன் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்ட வித்திருந்தா வாசல்ல அழகுக்காவது ரெண்டு மரத்த விட்டிருப்பாங்க அண்ணே" என்றான் சானிப். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. குரல் உடைந்திருந்தது.

ரொஹாலி அண்ணாந்து பார்த்தார். ஆற்றுப் பக்கமிருந்து வௌவால்கள் வந்துகொண்டிருந்தன. ஊரையே மறைக்கிற கூட்டமில்லை, ஏழெட்டு இருக்கும். கூடத்துக்கு மேலே வந்ததும் ஒவ்வொன்றும் வளைந்து, அங்கே இல்லாத ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடியும் வந்து சுற்றியது.

"டீ போடட்டா அண்ணே?" என்றான் சானிப், சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

பாங்கு ஒலித்தது. ரொஹாலி எழுந்து உள்ளே நடந்தார். வெறும் பளிங்குத் தரையின் நடுவில், முன்பு டுரியானின் தாழ்ந்த கிளை ஒன்று இருந்த இடத்தில், தலையைக் குனிந்துகொண்டு போனார்.