சாத்தூரியோவின் களம்

சவப்பெட்டி கயிற்றில் முட்டி நின்றது.

"தாண்டாதீங்க!" என்றார் மேயர் லியோன்சியோ. குரலில் நிஜமான துக்கம் இருந்தது, பாறையை நினைத்து.

ஸ்பெயினின் சோரியா மலையூர்களில் கல்லறைக்குப் போகிற பிணத்தை அவரவர் களத்தில் சற்று இறக்கிவைத்து ஜெபம் சொல்வது வழக்கம். சாத்தூரியோவின் களம் இந்தப் பாறை. கழுதையைச் சுற்றவிட்டு அவர் கோதுமை அடித்த இடம். அதிலிருந்த குழிகள் டைனோசரின் காலடி, பக்கத்துச் சின்னத் தடங்கள் சிறகை மடக்கி நடந்த பறக்கும் பல்லியுடையவை என்று பேராசிரியர்கள் வந்து சொன்னார்கள். உடனே ஊராட்சி கயிறு கட்டிவிட்டது. சாகும்போது மகள் கசில்தாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "என் களத்துல என்னை இறக்கி வைங்க."

"கொஞ்ச நேரம்தான் மேயரே. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"புரியுது கசில்தா. பாறை பாரம் தாங்காதும்மா."

"டைனோசர் மிதிச்சதையே தாங்குச்சு. எங்கப்பா கடைசியில கோழி கனம்தான் இருந்தாரு."

"அது மனு போட்டுட்டா வந்து மிதிச்சுது?" என்றான் பெட்டி தூக்கிய அவள் சித்தப்பா மகன் உல்பியானோ. மேயர் முறைத்ததும் முதல் ஆளாகப் பெட்டியைக் கயிற்றுக்கு வெளியே சரளையில் இறக்கினான்.

மேயர் தொண்டையைச் செருமினார். "அறிவியலுக்காகத் தம் களத்தை மனமுவந்து ஈந்த மாமனிதர் சாத்தூரியோ…"

மனமுவந்து ஈந்தவரை, கயிறு கட்டிய அன்று பாறையிலிருந்து அப்புறப்படுத்த இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். ஒருவன் கையை அவர் கடித்தும்விட்டார்.

பாதிரியார் அவசரமாக ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். பாதி பெட்டியைத் தாண்டிப் பாறையில் விழுந்தது. நனைந்த இடத்தில் மூன்று விரல் தடம் ஒன்று கருத்து எழுந்தது.

"அடடா! நனைஞ்சாத்தான் துலக்கமாத் தெரியும். சாமி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!" என்றார் மேயர்.

சாமி செம்பையே கவிழ்த்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைபேசிகளை எடுத்தார்கள்.

"சிறகை எப்படி ஊனியிருக்கு பாரு!" என்றான் உல்பியானோ, கயிற்றின்மேல் சாய்ந்து.

'ஆமென்' சொன்னது கசில்தா மட்டும்.

"பெட்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லும்மா," என்றார் மேயர், திரும்பாமலே. "படத்துல நிழல் விழுது."

அப்போதுதான் அவள் பார்த்தாள். சாய்ந்த வெயிலில் பெட்டியின் நிழல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, களத்தின் நடுவரைக்கும் நீட்டிப் படுத்திருந்தது.

"இருக்கட்டும்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

உல்பியானோவும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கினார்கள். நிழல் ஈரப் பாறையிலிருந்து மெல்ல நழுவி, கயிற்றைக் கடந்து, வெளியே வந்தது.