மாமனாரோட மூக்குக்கண்ணாடி

சட்டையோட மேல் பட்டனைப் போட்டு விட்டுட்டு நிமிர்ந்தப்பதான் மகளுக்குத் தெரிஞ்சுது, அப்பா முகத்துல என்னமோ குறையுதுன்னு.

"ஏங்க, கண்ணாடி எங்க?"

மாப்பிள்ளை அப்பதான் வாடகை நாற்காலியெல்லாம் எறக்கி வச்சுட்டு உள்ள வந்திருந்தாரு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. நின்னுக்கிட்டே கண்ணு சொருகுச்சு.

"எந்தக் கண்ணாடி?"

"அப்பாவோடதுதான். தலகாணிக்கு அடியில இல்ல, ஜன்னல்ல இல்ல, பாத்ரூம்லயும் இல்ல. நேத்து வந்து படுக்கறப்ப போட்டிருந்தாரா?"

யாருக்கும் ஞாபகமில்ல. நேத்து மத்தியானம் லைப்ரரியிலிருந்து வந்தாரு. அசதியா இருக்குன்னாரு. சுவரைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்தாரு. நாலு மணிக்கு மக டீ கொண்டு போய்த் தொட்டா, உடம்பு சில்லுனு இருந்துச்சு. அவ்வளவுதான்.

"லைப்ரரியிலதான் விட்டிருப்பாரு. நீங்க போய் எடுத்துட்டு வந்துடுங்க. வண்டி மூணு மணிக்குத்தான?"

"இப்பவா? ஆளுங்க வர நேரம்..."

"கண்ணாடி இல்லாம அவரு ஒரு நாளும் வாசல் தாண்டினதில்லங்க. இப்பப் பாத்தா எங்கப்பா மாதிரியே இல்ல."

மாப்பிள்ளை ஆபீஸ் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டாரு. செருப்பைத் தேடறப்ப மக பின்னாலயே வந்தா.

"அப்படியே லைப்ரரி கார்டு அங்க இருக்கான்னு பாருங்க. பர்ஸ்ல இல்ல. அதையும் சட்டைப் பையில வச்சு விட்டுடலாம்."

"எந்தக் கார்டு?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதான். அப்பாவுக்கு அதுல அவ்வளவு பெருமை. மாப்பிள்ளை அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு, கார்டும் வந்துடுச்சும்மான்னாரு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்களேன்னு கேட்டா, அங்க ஃபேன் நல்லா வருதும்பாரு."

மாப்பிள்ளை குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிக்கிட்டே இருந்தாரு.

அந்தக் கார்டுக்குக் குடுக்க வேண்டிய படிவம் அவரு பையிலதான் இருந்துச்சு. ரெண்டாவது ஜிப்புக்குள்ள. ரெண்டு மாசமா.

மாமனார் முப்பத்திநாலு வருசம் லிப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. ஒத்தையில இருக்க வேணாம்னு மக கூட்டிட்டு வந்து ஒன்பது மாசம்தான் ஆகுது. வந்த ரெண்டாம் நாளே, "இந்த ஊர்ல சும்மா உக்கார எங்கெங்க விடுவாங்க?"ன்னு கேட்டாரு. அப்புறம் அவரே தேடிக் கண்டுபிடிச்சாரு. மியூசியத்துல வெள்ளிக்கிழமை டிக்கெட் கிடையாது. ஓவியக் கண்காட்சி ஹால்ல ஏசி உண்டு, ஆள் கிடையாது. ஒரு படத்துக்கு முன்னால ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்னு ஒரு நாள் வந்து சொன்னாரு.

"படம் புரிஞ்சுதா மாமா?"

"பெஞ்சு நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை."

கடைசியில லைப்ரரியிலதான் மனசு நின்னுச்சு. ஆனா புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவர கார்டு வேணும். வெளியூர்லருந்து வந்தவங்களுக்கு உள்ளூர்ல குடியிருக்கறவங்க ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும், கரண்ட் பில் நகல் ஒண்ணு வைக்கணும். ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சதும் படிவத்தை ரெண்டு கையாலயும் நீட்டினாரு. "மாப்பிள்ளைக்குச் சிரமம் இல்லாட்டி... அவசரமில்ல." மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்க அந்த மனுசன் எத்தனை நாள் யோசிச்சாரோ. அவசரமில்லன்னு சொன்னதை மாப்பிள்ளை அப்படியே நம்பிட்டாரு. நகல் எடுக்கணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு உள்ள வச்சதுதான். ஒரு வாரம் கழிச்சு மக கேட்டப்ப, போன்லருந்து கண்ணை எடுக்காம "போட்டுக் குடுத்தாச்சு"ன்னுட்டாரு.

மாமனாரும் அன்னைக்கு அங்கதான் உக்காந்திருந்தாரு. தண்ணி எடுத்துக் குடிச்சாரு.

லைப்ரரி மேசையில இருந்த அம்மா, விட்டுட்டுப் போன சாமான் போடற டிராயரைத் திறந்து காட்டினாங்க. குடை, டிபன் மூடி, மூணு கண்ணாடி. எதுவும் அவரோடது இல்ல.

"எப்படி இருப்பாரு அவரு?"

"உயரமா, கொஞ்சம் கூன் போட்டு. எப்பவும் முழுக்கை சட்டை."

"லிப்ட்டுக்காரரா? எங்க லிப்ட் சத்தத்தைக் கேட்டே எது தேஞ்சிருக்குன்னு சொன்னவரு. எங்க இன்னைக்கு இன்னும் காணோமேன்னு இப்பதான் பேசிக்கிட்டோம்."

"நேத்து தவறிட்டாருங்க."

அந்த அம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடி வச்சாங்க. அப்புறம் புத்தகம் அடுக்கறவரைக் கூப்பிட்டு, "லிப்ட்டுக்காரரோட கண்ணாடியாம். அந்தப் பக்கம் பாருங்க"ன்னாங்க.

அடுக்கறவரு கடைசி வரிசைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்ததெல்லாம் வரிச் சட்டம்.

"இங்க ஈ கூட வராது சார்"னு சொல்லிக்கிட்டே, தடித் தடியா நின்ன சட்டப் புத்தகத்துக்குப் பின்னால கையை விட்டு ஒரு கதைப் புத்தகத்தை உருவினாரு. செங்கல் கனம்.

"இது எப்படி இங்க?"

"கார்டு கிடையாது அவருக்கு. மேசையில வச்சுட்டுப் போனா வேற யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா? அதான் தினமும் கிளம்பறப்ப இங்க ஒளிச்சு வச்சுட்டுப் போவாரு. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? புத்தகம் சரிபாக்கறப்ப நானே எடுத்துக் காட்டிட்டு, திரும்ப இங்கயே சொருகிடுவேன். காலையில வந்ததும் நேரா இங்கதான் வருவாரு. கைக்குத் தட்டுப்பட்டதும் ஒரு மூச்சு விடுவாரு பாருங்க, அந்த மேசை வரைக்கும் கேக்கும்."

புத்தகம் நடுவுல உப்பிக்கிட்டு இருந்துச்சு. பிரிச்சா கண்ணாடி. அறுநூத்திப் பதினொண்ணாம் பக்கம்.

"நேத்து சீக்கிரமே எந்திரிச்சுட்டாரு. ஒரு மாதிரி தள்ளாடினாப்ல இருந்துச்சு. என்னான்னு கேட்டேன், வெயிலுன்னாரு." அடுக்கறவரு கண்ணாடியை எடுத்துக் குடுத்தாரு. "வீட்டுல படுத்துக்கிட்டே படிக்கலாமே பெரியவரே, ஒரு கையெழுத்துக்கு என்ன இத்தனை நாளுன்னு நானே கேட்டிருக்கேன். நம்ம மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை, பாவம், அவரை எப்படித் தொந்தரவு பண்றதும்பாரு. நீங்க அவரு மகனா சார்?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கைக்குட்டையில சுத்தினாரு. ஒரு சுத்து போதும். மூணு சுத்து சுத்தினாரு.

"இல்ல. சொந்தம்தான்."

அடுக்கறவரு அவரு முகத்தைப் பாத்தாரு. தன் சட்டைப் பையிலருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தப் பக்கத்துல வச்சு மூடினாரு. புத்தகத்தை எடுத்த எடத்துலயே திரும்ப வச்சாரு.

பஸ்ல ஏறினதும் உக்கார எடம் கிடைச்சுது. மாப்பிள்ளை உக்காரல.

வீட்டுக்கு வந்தப்ப ரெண்டரை. வண்டி வாசல்ல வந்து நின்னுருந்துச்சு. மக கண்ணாடியை வாங்கி, ஊதி, துணியில தொடச்சு அப்பாவுக்குப் போட்டு விட்டா. மேல தூக்கி வச்சா சரியா வரல. கொஞ்சம் கீழ எறக்கி, மூக்கு நுனியில நிக்கற மாதிரி வச்சா. அப்பதான் அது அவரா ஆச்சு.

"கார்டு?"

"கார்டு இல்ல."

"தொலைச்சுட்டாரா?"

மாப்பிள்ளை அவ பக்கத்துல உக்காந்து, பையோட ரெண்டாவது ஜிப்பைத் திறந்து படிவத்தை எடுத்து அவ கையில குடுத்தாரு.

மக படிச்சா. அப்பாவோட குண்டு குண்டு எழுத்து. தொழில்: லிப்ட் மெக்கானிக், ஓய்வு. நிரந்தர முகவரின்னு இருந்த எடத்துல பழைய ஊர் விலாசத்தை எழுதி, அடிச்சுட்டு, இந்த வீட்டு விலாசத்தை எழுதியிருந்தாரு. கீழ, பொறுப்பேற்பவர் கையொப்பம். காலி. எங்க போடணும்னு மாப்பிள்ளை தேட வேணாம்னு பென்சிலால சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சிருந்தாரு.

தேதியை அவ ரெண்டு தடவை பாத்தா.

வெளிய யாரோ, "நேரமாச்சு, தூக்கிடலாமா?"ன்னு கேட்டாங்க. மாப்பிள்ளை தலையைத் தூக்கல. அவ என்ன சொன்னாலும் கேட்டுக்கலாம்னு உக்காந்திருந்தாரு.

"பேனா இருக்கா?"ன்னா மக.

அவரு பேனாவை எடுத்தாரு. அவ படிவத்தை அவரு முழங்கால் மேல வச்சா. முதல்ல பேனா எழுதல. உள்ளங்கையில கிறுக்கிப் பாத்துட்டு, அந்தப் பென்சில் குறிக்கு மேல கையெழுத்துப் போட்டாரு.

மக மை காயற வரைக்கும் ஊதினா. நாலா மடிச்சு அப்பாவோட சட்டைப் பையில வச்சா. பை கொஞ்சம் தூக்கிக்கிட்டுத் தெரிஞ்சுது. வண்டிக்காரங்க உள்ள வர்ற வரைக்கும் அதை உள்ளங்கையால தடவித் தடவி அமுக்கிக்கிட்டிருந்தா.