கோப்பில் இல்லாத வலிப்பு

அலுவலகத்தில் அவளை ஆமை என்பார்கள். மற்றவர்கள் நாளுக்கு அறுபது கோப்பு முடித்தால் அவள் நாற்பதில் நிற்பாள். ஆனால் நாலு வருடத்தில் அவளுடைய கோப்பு ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. கேலி செய்தவர்களும் சந்தேகம் வந்தால் அவள் நாற்காலியைத்தான் சுற்றினார்கள்.

மருத்துவமனைகளிலிருந்து கர்ப்பிணிகளின் கோப்புகள் கணினிக்கு வரும்; அவற்றைப் படித்து நோய்களுக்குக் குறியீடு போடுவதுதான் வேலை. கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. டாக்டர் எழுதிய நோய்க்கு மட்டும்தான் அதைப் போடலாம். எழுதாத நோய் இல்லாத நோய்.

அந்த விதி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்காது? அவளும் ஐந்து மாதக் கர்ப்பிணி, பதினோரு வயதிலிருந்து வலிப்பு உள்ளவள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். கணவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் கூடவே வருவதால் டாக்டருக்கும் தெரியாது. ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கியவள், கரு தங்கியது தெரிந்ததும் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து தானாகவே நிறுத்திவிட்டாள்.

அன்று மதியம் ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் தண்ணீராய் ஆடியது. தட்டச்சுச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. திரையிலிருந்து பெண்கள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள். சர்க்கரைக்காரி சுவரோரம் உட்கார்ந்தாள். இதயக் கோளாறுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் அவள் குறியீட்டை எழுதினாள். கடைசியாக ஒருத்தி வெறும் கையை நீட்டினாள்.

"எனக்கு?"

"உனக்கு ஒண்ணும் இல்லையே."

"நல்லா பாரு."

நன்றாகப் பார்த்து எழுதினாள். அப்பாடா என்றிருந்தது, பாவி மகளுக்கு.

வெளிச்சம் அடங்கியபோது கடிகாரத்தில் இருபது நிமிடத்தைக் காணோம். சாப்பிட்ட அசதி என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, கோப்புகளைச் சரிபார்க்கும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு தெரியும். ஆமைக்குமா? இந்தப் பொண்ணுக்கு ரத்த சோகை மட்டும்தான். நீ வலிப்புன்னு போட்டிருக்க. எங்கேருந்து வந்துச்சு?"

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினாள். வலிப்பு எங்கும் இல்லை. சின்ன வயதில் வலிப்பு வருவதற்கு முன்னால் வெளிச்சம் அப்படித்தான் ஆடும். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாடிப்படி, குளியலறை, வண்டிகள் பறக்கும் தெரு. விழுந்தால் இனி அவள் தனியாக விழப்போவதில்லை.

"அக்கா, அது என்னோட வலிப்பு."

அக்கா கோப்பைத் திருத்திவிட்டு, "எழுந்திரு. வீட்டுக்காரருக்கு போன் பண்ணு. இப்பவே டாக்டர்கிட்ட போ," என்றார்.

கணவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். கையில் கிரீஸ் கறையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். காத்திருப்பு அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் இறுகியது. கோபம்தான், நியாயமான கோபம்.

"மூணு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்க. அதை அப்புறம் பேசிக்கலாம். மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"மூணரை மாசம்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

உள்ளே டாக்டர் என்ன விஷயம் என்று கேட்டார்.

"இவளுக்குப் பதினோரு வயசிலேருந்து வலிப்பு இருக்கு, டாக்டர்," என்றான் அவன். அவள் முகத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அவள் நாற்காலியோடு சாய்ந்துவிடாதபடி அதன் முதுகை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தான்.