ஈர மணலின் எடை

எடைமேடை ஆபரேட்டருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் தராசு. தன் மேடையில் ஒரு கிராம்கூட யாரும் ஏய்க்க முடியாது என்பது அவரே பரப்பிய புகழ். அந்த மேடை இருபது கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது என்பதை மட்டும் அவர் பரப்பவில்லை.

கோடை விடுமுறையில் மைத்துனர் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கினார். பொரித்த கோழி, கேக், ஐஸ்கிரீம் என்று வீட்டில் வாய்கள் ஓயவில்லை. விருந்தாளி கூச்சப்படக் கூடாதே என்று தராசு ஒவ்வொரு தட்டுக்கும் துணைக்குப் போனார். விருந்தாளி கிளம்பிய மறுநாள், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "மூணு வாரம் தரேன். நாலு கிலோ குறையணும், சர்க்கரையும் இறங்கணும். இல்லேன்னா தினமும் வயித்துல ஊசி."

ஊசி என்று கேட்டாலே தராசுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அன்றே வீட்டுக்கு ஓர் எடை மெஷின் வந்தது. ஞாயிறுதோறும் ஏறுவது, மனைவி காலண்டரில் குறிப்பது என்று ஏற்பாடு.

இங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. மணல் லாரிக்காரர்கள் எடை கூட்ட மணலில் தண்ணீர் அடித்துக் கொண்டுவருவார்கள். "சொட்டுது, வடியவிட்டு வா" என்று திருப்பியனுப்புவது தராசின் தினசரிப் பெருமை. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவிக்கு அந்தக் கதைதான் தொட்டுக்கொள்ள. முதல் ஞாயிறு அவரே இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து, கனத்த ஜீன்ஸும் பெல்ட்டும் மாட்டி, சாவிக்கொத்தோடு மெஷினில் ஏறினார். தொண்ணூற்று நான்கு. அடுத்த ஞாயிறு பெல்ட்டும் சாவியும் இல்லை, தண்ணீரில் ஒரு பாட்டில் குறைவு. தொண்ணூற்று இரண்டு.

"ரெண்டு கிலோ! கட்டுப்பாடுதாம்மா எல்லாம்," என்றார்.

மனைவி குறித்துக்கொண்டாள். அவர் இடுப்பை ஒரு தடவை பார்த்தாள். அதுதான் அவரை அரித்தது.

மறுநாள் எடைமேடை அறையில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. மேஜையிலிருந்த பேனா உருண்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பினார். வெள்ளரிக்காய் டப்பாவைத் திறந்து முகர்ந்து மூடினார். இரண்டு மணி நேரமாகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தால் பத்து நிமிடம்.

மணல் லாரி ஒன்று சொட்டச் சொட்ட ஏறியது.

"எறக்குடா வண்டிய. சொட்டுது!"

"அண்ணே, மழைண்ணே."

"உன் வண்டி மேல மட்டும் பெஞ்சுதா?"

டிரைவர் சிரித்துக்கொண்டே ஒரு கேக் பொட்டலத்தை நீட்டினான். தராசு லஞ்சத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தார். லாரியைத் திருப்பியனுப்பினார். பொட்டலம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

"நேர்மைக்கும் பசிக்குமுல்ல," என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்திவிட்டுப் போனான்.

மூன்றாவது ஞாயிறு. இன்னும் சில நாளில் டாக்டர். மெல்லிய டவுசரோடு வெறும் வயிற்றில் வந்து நின்றார். மெஷினுக்குப் பக்கத்தில் ஜீன்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"மாட்டிக்குங்க. முதல் நாள் மாதிரியே."

"எதுக்குடி?"

"அன்னிக்கு ஏறினப்போ சாவி கிலுங்கிச்சு. போன வாரம் கிலுங்கல. முப்பது வருஷமா உங்க கதைய கேக்குறேனே, எனக்குக் காது இல்லையா?"

மறுக்க வாய் திறந்தார். அவள் அதில் பாட்டிலை வைத்தாள். குடித்தார், மாட்டினார், ஏறினார். முள் தொண்ணூற்று நான்கைத் தாண்டி, தொண்ணூற்று ஐந்தில் நின்றது.

"ஒரு கிலோ கூடியிருக்கு," என்றாள். "கேக்கா?"

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"என் காலண்டர ஏமாத்திடலாங்க. டாக்டர் காலண்டரையா பாக்கப்போறாரு? ரத்தத்தயில்ல எடுப்பாரு." அவள் காலிப் பாட்டிலை மூடினாள். "ஊசி உங்களுக்குன்னா, குத்தப்போறது நான்தானே?"

தராசு இறங்கினார். அறையில் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் போனார். பிறகு கதவைத் திறந்து, ஜீன்ஸும் சாவிக்கொத்துமாகவே தெருவில் இறங்கினார்.

"எங்க போறீங்க?"

"நடந்துட்டு வரேன்."

"மெதுவா வாங்க," என்று வாசலிலிருந்து அவள் சொன்னாள். "சொட்டுது. வடியவிட்டு வாங்க."

தெருமுனை வரை சாவி கிலுங்குவது கேட்டது.