ஏழாம் நம்பர் சிலந்தி

பத்துச் சிலந்திகளில் ஒன்பதுக்குக் கோடு விழுந்திருந்தது. சிலந்தியை அரைத்து, டி.என்.ஏ. பிரித்து, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவைத் தேடும் சோதனை. ஜெல்லில் கோடு ஒளிர்ந்தால் பாக்டீரியா உண்டு. இந்த இனத்தில் அதை யாரும் கண்டதில்லை. ஸ்ரீவத்சன் கண்டுவிட்டான். கட்டுரையும் எழுதிவிட்டான்.

அவனுடைய கைடு பெருந்தேவி கட்டுரையை இரண்டு நிமிடம்தான் பார்த்தார்.

"சிலந்தி தின்ன பூச்சியோட பாக்டீரியாவும் கோடு போடும். தெரியுமோல்லியோ?"

"ஒரு வாரம் பட்டினி போட்டோம் மேடம்."

"நீ பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. சிலந்திகளைப் பிடித்துக் கொடுத்தவளும், அந்த ஒரு வாரம் பாட்டிலில் வைத்திருந்தவளும் கங்கம்மாள். மறுநாள் முதல் பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து, ஏரிக்கு அப்பால் இருளர் குடியிருப்பில் அவள் வாசலில் நின்றான். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"அந்த வாரம் பாட்டிலைத் திறந்தீங்களா?"

"தொறக்காம? பாட்டில் வாயில அடைச்ச பஞ்ச எட்த்துட்டு ஆளுக்கொரு ஈ வுட்டேன். வாயப்பயத்துல மொய்க்குமே, அந்தப் பொடி ஈ."

பழ ஈ. அதில் அந்த பாக்டீரியா இருப்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

"அறிவிருக்கா உனக்கு?"

"உனக்கா? போன வாரம் வரிக்கும் நீங்கன்ன." கோடரியைக் கட்டையில் இறக்கி நிறுத்தினாள். "சாவாம பாத்துக்கன்னு சொன்னது நீதான? எர போடாம எப்டி சாவாம பாக்கறது? புட்ச்சி அடைச்சி வெச்சிக்கினு பட்டினி போட்ற பயக்கம் எங்க வூட்ல கெடையாது."

பட்டினி என்ற சொல்லை அவன் நோட்டில்தான் எழுதியிருந்தான். அவளிடம் சொல்லவில்லை.

"எல்லாம் தின்னுச்சா?"

"ஒம்போது தின்னுச்சி. ஒன்னு தொடல. ஒரு கால் இல்லாதது."

ஏழாம் நம்பர். கோடு விழாத ஒரே சிலந்தி. சோதனை பிசகிவிட்டது என்று அதைக் கணக்கிலிருந்தே நீக்கியிருந்தான்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மேடம் கேட்டா, எதுவும் போடலன்னு சொல்லிடுங்க."

"இப்ப நீங்களா?" சிரித்தாள். "சோறு போடாதவன்னு எனக்குப் பேரு வாங்கிக் குடுக்கப் பாக்கறியா? போனப் போடு. ஒம்போதும் தின்னுச்சின்னு நானே சொல்றேன்."

அவன் போனை எடுத்தான். அவளிடம் கொடுக்கவில்லை. 'கட்டுரையை அனுப்ப வேண்டாம் மேடம். அவை சாப்பிட்டிருக்கின்றன' என்று தானே தட்டி அனுப்பினான்.

"மறுபடி பத்து வேணும்," என்றான்.

"நீயே புடி. பட்டினியும் நீயே போடு. இங்க வெச்சி போடாத."

கோடரியைப் பிடுங்கி, அடுத்த கட்டையை நிறுத்திப் பிளந்தாள். சிராய் அவன் காலருகே வந்து விழுந்தது.