நனைந்த சீவாளி

அருங்காட்சியகத்தில் இசைக்கருவிக் கூடம் நாளைக்குத் திறப்பு. வீணை ஒழுங்காகச் சாய்ந்துவிட்டது, மிருதங்கம் மேடை ஏறிவிட்டது, சாரங்கிகூட முரண்டு பிடிக்கவில்லை. அடம் பிடித்தது நாகஸ்வரம்தான். வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு, சீவாளி, நூல் இற்றுப்போய்க் கோணிக்கொண்டு நின்றது. கூடத்தின் காப்பாளருக்கு அதைக் கட்டத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன், நாகஸ்வரம் ஊதிப் பிழைப்பவன். வெளியாளை உள்ளே விடக் கூடாது என்று விதி. கூடப் பிறந்தவன் எப்படி வெளியாள் ஆவான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பின்வாசல் வழியாக அவனைக் கூட்டி வந்துவிட்டாள்.

இருவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். அவள் கருவியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, அண்ணன் சீவாளியைக் கழற்றினான்.

“இந்தா, புடி.”

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எடுபிடி அவள்தான். வாங்கிக்கொண்டாள். அவன் கருவியின் வாய்ப்பக்கம் குனிந்து, இற்ற நூலைப் பிரித்துப் புது நூல் சுற்ற ஆரம்பித்தான்.

“அம்மா மருந்து ஒழுங்கா சாப்பிடறாங்களா?”

“ம்.”

“மாப்பிள்ளை வந்துட்டாரா?”

“ம்ஹும்.”

“என்னடி, மௌன விரதமா?”

நூல் சுற்றி முடிந்ததும் எல்லாவற்றையும் வெல்வெட் துணிமேல் வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். கூடவே ஒரு சிவப்புச் சீட்டும் வந்தது.

அவளுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. காலையில் புகைப்படக்காரர், சீட்டு படத்தைக் கெடுக்கிறது என்றார். நாகஸ்வரத்திலிருந்து அவிழ்த்துப் பையில் போட்டவள் அதோடு மறந்துபோனாள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பாஷாணம் தடவிய பொருளுக்குத்தான் சிவப்புச் சீட்டு. வெறும் கையால் தொடக் கூடாது, வாய்ப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கன்னம் குழிய ஒரு சீவாளியை உதட்டில் வைத்து எச்சிலில் ஊறவைத்துக்கொண்டிருந்தான்.

சொல்ல வாய் வரவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். கசந்தது. பயம் வந்தால் வாய் கசக்கும் என்பார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணிக்கு என்ன பதில் சொல்வது? பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவனைக் கூப்பிட்டு வந்து, கையோடு விஷத்தையும் கொடுத்த பாவி! மறுபடி விழுங்கினாள்.

அண்ணன் செருமினான். அவ்வளவுதான், அவள் பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டாள். சீவாளி எங்கோ போய் விழுந்தது.

“துப்புண்ணா! அது விஷம்! பாஷாணம் தடவினது! சீட்ட நான்தான் அவுத்துட்டேன். ஐயோ, துப்பேன்!”

அவன் முழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“லூசு! இது என் பையிலேர்ந்து எடுத்த புது சீவாளி. பழசுல விரிசல். அதுவுமில்லாம, அடுத்தவன் எச்சில் பட்ட சீவாளிய எவனாவது வாயில வைப்பானா? நாங்க உயிரே போனாலும் வைக்க மாட்டோம்டி.”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

“சரி, அந்தப் பழச எங்க வச்ச? பத்திரமா மூடி வை.”

“அந்தத் துணி மேலதான்.”

அவன் எட்டிப் பார்த்தான். பழைய சீவாளியின் நுனி நனைந்திருந்தது. அதில் லேசாகப் பல் பதிந்த தடம். அண்ணனின் சிரிப்பு நின்றது.

“உன் ரெண்டு கையிலயும் நாகஸ்வரம் இருந்துச்சே. நான் குடுத்தத எதுல வாங்கின?”

சின்ன வயதில் எதில் வாங்குவாளோ, அதில்தான். அவன் நூல் சுற்றி முடிக்கிற வரைக்கும் பல்லால் கடித்துக்கொண்டு, ம், ம்ஹும் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினான். இப்போது அலறியது அவன்.

“வாயத் திற! துப்பு! எச்சில முழுங்கிடாதடி!”

பயத்தில் எத்தனை தடவை விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.