குறடு மாஸ்டர் மூடிய குழாய்

மனித குலத்தின் முன்னேற்றம் கட்டை விரலில் தொடங்கி, பல லட்சம் வருஷம் நடந்து, கடைசியில் தன்னுடைய கட்டை விரலில் வந்து நிறைவடைந்துவிட்டது என்று குறடு மாஸ்டர் அறிவித்த வாரத்தில், மூன்றாவது தெரு முனைக் குழாய் சொட்டுவதாக யாரோ சொல்ல, அவர் போய் அதை மூடினார். அதன் பிறகு அதை யாராலும் திறக்க முடியவில்லை. பிளம்பர் இரண்டு ரெஞ்சுகளை வளைத்துக்கொண்டு திரும்பினார். நகராட்சிப் பொறியாளர் குழாயைச் சுற்றி வந்து பார்த்து, சொட்டுவது நின்றுவிட்டதால் புகார் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டு போனார். தெருக்காரர்கள் அடுத்த தெருவில் போய்த் தண்ணீர் பிடிக்கப் பழகினார்கள்.

அந்தக் கையைப் பற்றி ஊரில் இருந்த தகவல்கள் எல்லாமே இப்படிப் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை. ஏழாம் நம்பர் பஸ்ஸில் அவர் ஒருமுறை நின்றுகொண்டு போனதற்குச் சாட்சியாக மேல்கம்பியில் ஐந்து விரல் பள்ளம் இருந்தது. உயரமானவர்கள் அதில் விரலைப் பொருத்திக்கொண்டு வசதியாகப் பயணம் செய்தார்கள். ஜிம் திறப்பு விழாவுக்கு வந்த நகராட்சித் தலைவருக்கு அவர் கைகொடுத்தார். அன்று முதல் தலைவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. நிர்வாகத்தில் எந்த வித்தியாசமும் தெரியாததால் இந்த விஷயம் வெளியே வர இரண்டு வருஷம் ஆனது. வீட்டில் அவர் மூடிய பாட்டில்களை மனைவி திருகிப் பார்ப்பதே இல்லை. நேராக அடியை உடைத்துவிடுவார்.

ஜிம், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குத்தும் உதையும் இல்லாத, ஆளைப் பிடித்து, மடக்கி, அசையவிடாமல் அடக்கும் மல்யுத்தம் அங்கே சொல்லித்தரப்பட்டது. உடம்பின் மற்ற பாகங்களுக்கு மாஸ்டர் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. முழங்கைக்கு மேலே இருப்பதெல்லாம் கையை வைக்க ஒரு ஸ்டாண்டு என்பது அவர் கருத்து. பையன்கள் கம்பியில் துண்டைப் போட்டு, அந்தத் துண்டைப் பிடித்துத் தொங்கினார்கள். மணல் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பிசைந்தார்கள். வழவழப்பான இரும்புத் தட்டுகளை விரல் நுனியால் கவ்வித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூன்று மாதம் முடித்த பையன் ஈரத் துண்டைப் பிழிந்தால் அது காய்ந்தே கையை விட்டு வரும். மழைக்காலத்தில் டயர் கடைக்காரர் தன் வீட்டுத் துணியையெல்லாம் மாடிக்கு அனுப்பத் தொடங்கினார்.

இந்த விளையாட்டில் எங்கும் உள்ள மரியாதை ஒன்று உண்டு. வலி தாங்காதவன் எதிராளி மேலோ தரை விரிப்பிலோ இரண்டு முறை தட்டினால், பிடித்தவன் அந்த நொடியே விட வேண்டும். தட்டியவன் தோற்றவன், ஆனால் முழு எலும்போடு வீட்டுக்குப் போவான். மாஸ்டருக்கு இந்தத் தட்டல் ஆகாது. தான் பிறந்ததிலிருந்து தட்டியதில்லை என்று ஜிம் சுவரில் பெயின்டால் எழுதிவைத்தார். பிறகு அது கொள்கையாகி, கொள்கை முற்றி, எதையுமே தட்டுவதில்லை என்ற இடத்தில் வந்து நின்றது. தன் வீட்டுக் கதவைக்கூடத் தட்ட மாட்டார். வெளியே நின்று இருமுவார். மனைவி பின்கட்டில் இருந்தால், நெஞ்சுச் சளிக்காரர்போல அரை மணி நேரம் நிற்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்க்காமல் வாங்கி, வருஷா வருஷம் வெள்ளையாகவே தின்றார். ஊரில் பஸ்ஸைக் கிளப்பக் கண்டக்டர்கள் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவது வழக்கம். மாஸ்டர் ஏறியிருந்தால் மட்டும், அவர் மனம் கோணக் கூடாதென்று, விசில் ஊதினார்கள்.

அந்த ஜிம்மில் கூச்சமில்லாமல் தட்டிய ஒரே ஆள், அஞ்சலகத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். மெலிந்தவர், கல்யாணம் ஆகாதவர். ஊர் அவரைத் தபால் என்றது. கையை லேசாக முறுக்கினாலே இரண்டு தட்டுத் தட்டுவார், எழுந்து தண்ணீர் குடிப்பார், இன்னொரு தடவை பிடிங்க தம்பி என்று மறுபடி படுத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு சுளுக்குகூட வந்ததில்லை என்பதை யாரும் சாதனையாக எண்ணவில்லை. ஓய்வில் உட்காரும்போது, கடிதக் கட்டிலிருந்து வந்த ரப்பர் பேண்டை ஐந்து விரலுக்கும் சேர்த்து மாட்டிக்கொண்டு, விரலை விரிப்பார், மூடுவார், மறுபடி விரிப்பார்.

"என்னய்யா இது?" என்றார் மாஸ்டர் ஒரு நாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"விரல் விரிக்கிறதுக்கு, மாஸ்டர். மூடுற நரம்புக்கே வேலை குடுத்துக்கிட்டிருந்தா, விரிக்கிற நரம்பு மறந்துபோயிடும்."

"விரிக்கிறதுக்கு ஒரு பயிற்சியா? அதைப் பூவே பண்ணுதேய்யா, காலையில எழுந்து. பூ எந்த ஜிம்முக்குப் போச்சு?"

பையன்கள் சிரித்தார்கள். தபாலும் சிரித்தார், சிரித்துக்கொண்டே விரித்தார்.

அந்த வருஷப் போட்டியில் மாஸ்டரோடு மோத ஆள் கிடைக்கவில்லை. போய்த் தட்டிவிட்டு வந்துவிடலாம் என்று தபால் பெயர் கொடுத்தார். மணி அடித்ததும் மாஸ்டர் வலது கையால் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். தபால் இரண்டு முறை தட்டினார். நடுவர் விசில் ஊதி, மாஸ்டர் வென்றதாக அறிவித்து, கோப்பையைக் கொண்டுவரச் சொன்னார். மாஸ்டர் கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை.

"மாஸ்டர், நான் தட்டிட்டேன்," என்றார் தபால்.

"தெரியுதுய்யா," என்றார் மாஸ்டர், உதட்டை அசைக்காமல்.

முதலில் அதைக் கெத்து என்று நினைத்து ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டாக்டர் வந்து, தசை தளர்வதற்காக மாஸ்டர் கையில் ஊசி போட்டார், தபால் தூங்கிப்போனார். டயர் கடைக்காரர் கிரீஸ் பூசினார். பிளம்பர், குழாயைப் பார்த்த அனுபவத்தில், வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலை தபால் தன்னுடைய தலையணையை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குக் குடிவந்தார்.

தபாலின் விடுமுறை தீர்ந்ததும் மாஸ்டரும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. வென்றவர் தோற்றவருடைய அலுவலகத்தில், தோற்றவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் இடது கையால் கடிதம் பிரிக்க ஆரம்பித்து, இரண்டாம் வருஷம் வேகத்துக்காகப் பாராட்டு வாங்கினார். சான்றிதழில் தபால் பெயர் இருந்தது. மாலையில் ஜிம். ஒரு மடக்கைச் செய்து காட்டினால் கூடவே தபாலும் உருள வேண்டியிருந்ததால், பாடம் பார்க்கக் குழப்பமாக இருக்கிறதென்று பையன்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். தையல் கம்பெனியில் கட்டிங் பார்த்த மனைவி, இருவருக்கும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பட்டன் வைத்த சட்டைகளை வெட்டிக் கொடுத்தார். சினிமாவுக்கு மூன்று டிக்கெட். இடைவேளையில் உனக்கு என்ன வேண்டும் என்று மனைவியைக் கேட்க மாஸ்டருக்குத் தோன்றாது. தபால்தான் எட்டிப் பார்த்துக் கேட்பார். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகைகள் குறடு-தபால் குடும்பத்தாருக்கு என்று வந்தன.

ஐந்தாம் வருஷம் ஒரு காலையில், ஒரே கண்ணாடியில் இருவரும் சவரம் செய்துகொண்டிருந்தபோது, தபால் மெல்ல ஆரம்பித்தார்.

"மாஸ்டர், நான் தட்டினா உங்க கைக்கு எப்படிப் புரியும்? அது ஜென்மத்துல தட்டினதே இல்லையே. நீங்க ஒரே ஒரு தடவை தட்டிப் பாருங்க."

"ஜெயிச்சவன் தட்டுறதாய்யா? அதுக்குக் கையை வெட்டி எடுத்துக்கிட்டுப் போகலாம்."

"யார் கையை, மாஸ்டர்?"

மாஸ்டர் மறு கன்னத்துக்கு நுரை போட்டார்.

ஆறாம் வருஷம் தையல் கம்பெனி மனைவியை வெளியூர்க் கிளைக்கு மேற்பார்வையாளராக அனுப்பியது. அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. சாமானை லாரியில் ஏற்றிவிட்டு வந்து, டிக்கெட்டை மேஜை மேல் வைத்தார்.

"ஏங்க, ரெண்டு சீட்டு எடுத்திருக்கேன். இவர் தங்கமான மனுஷன், குறை சொல்லல. ஆனா நான் கட்டிக்கிட்டது உங்க ஒருத்தரைத்தான். நாளைக்கு மதியம் பஸ். தனியா வந்தா ஏறுங்க. மூணு பேர்னா நான் மட்டும் போறேன், திரும்பி வரமாட்டேன்."

தபால் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாலும் போக இடமில்லை. மாஸ்டர், கை தானாக வந்துவிடும் என்று சொன்னார். அந்த வலது கையால் மனைவியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மதியம் கை வந்திருக்கவில்லை. மனைவி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்தார். கண்டக்டர் டீக்கடையில் மீதிச் சில்லறைக்கு நின்றிருந்தார். பழைய பையன்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். சுவரில் எழுதியிருந்ததை அவர்கள் எல்லாரும் படித்தவர்கள். டிரைவர் இன்ஜினைப் போட்டார். பஸ் முழுதாக நடுங்கியது. ஜன்னலில் மனைவியின் முகமும் நடுங்கியது, ஆனால் திரும்பவில்லை.

"யோவ், அந்தப் பக்கம் பாரு," என்றார் மாஸ்டர்.

"திரும்பிட்டேன், மாஸ்டர்."

மாஸ்டர் இடது கையை உயர்த்தி, பஸ்ஸின் பக்கத் தகரத்தில், தூசியைத் துடைப்பவர்போல, இரண்டு முறை மெதுவாகத் தட்டினார்.

பாட்டில் மூடி திறப்பது போல ஒரு சத்தம் கேட்டது. வலது கை விரிந்துவிட்டது. அதே இரண்டு தட்டுக்காகக் காத்திருந்த டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். டீக்கடையிலிருந்து கண்டக்டர் ஓடிவந்தார், மாஸ்டரும் ஓடினார். இரண்டு பேரும் ஒரே படியில் தொற்றினார்கள். மாஸ்டர் கதவுக் கம்பியை வலது கையால் பிடித்தார், உள்ளே ஏறினார், விட்டார். கம்பியில் பள்ளம் விழவில்லை. பஸ் நிலையத்தில் தபால் மட்டும் நின்றார். மணிக்கட்டு இன்னும் பழைய உயரத்திலேயே இருந்தது. அதைக் கீழே இறக்க அவருக்கு அந்த வாரம் முழுக்கத் தேவைப்பட்டது.

நகராட்சித் தலைவர் அன்று மாலையே தேங்கிக் கிடந்த கோப்புகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். அதன் விளைவுகளை ஊர் இன்றுவரை அனுபவிக்கிறது. பஸ் மூன்றாவது தெரு முனையைக் கடந்தபோது குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாளிகள் ஏற்கெனவே வரிசையில் வந்துவிட்டன. யார் முதல் என்பதில் இரண்டு பேருக்குள் தகராறு. குழாய் எப்படித் திறந்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

மனைவி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், அஞ்சலகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ரப்பர் பேண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஐந்து விரலுக்கும் சேர்த்து மாட்டி, விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.